இரண்டைக் கட்டுவது எது?

செருப்பு இரண்டு என்றால் ஆங்கிலத்தில் 'பேர்'. கணவனும் மனைவியும் 'கப்பிள்'. ஒரே சூலில் பிறந்தவர்கள் 'ட்வின்ஸ்'. வேட்டையில் விழுந்த இரண்டு கவுதாரிகள் 'பிரேஸ்'. எல்லாம் இரண்டுதான், ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது. அந்தச் சொற்களின் வேரைத் தேடி அகராதிக்குள் இறங்கினால் வெளியே வர மனம் வருவதில்லை.

'பிரேஸ்' பழைய பிரெஞ்சில் இரு கைகளைக் குறித்தது. கடலாழத்தை அளக்கும் 'ஃபேதம்' என்பதும் விரித்த கைகள்தான். எங்கள் கடியப்பட்டணத்தில் கடலுக்குப் போகிறவர்கள் பாகம் என்று சொல்வது இதே அளவைத்தான். எங்கோ ஒரு மாலுமியும் நம் கடலோடியும் கயிற்றைக் கைவிரித்துப் பிடித்தே ஆழத்தை அறிந்திருக்கிறார்கள்.

'கப்பிள்' என்பதன் லத்தீன் வேருக்குப் பொருள் கட்டு. கட்டு என்றதும் கட்டுமரம்தான் எனக்கு நினைவுக்கு வரும். மூன்றோ நான்கோ ஐந்தோ, மரம் எத்தனை என்பது பெயரில் இல்லை. கட்டு மட்டும் இருக்கிறது. ஆங்கிலம் அதை வாங்கிக் 'கட்டமரான்' ஆக்கியது. இன்று உலகெங்கும் அது இரட்டை உடல் கொண்ட படகின் பெயர். கட்டை விட்டுவிட்டு இரண்டைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இரண்டு சேரும் விதத்தைத் தொல்காப்பியர் எவ்வளவு கூர்மையாகப் பார்த்திருக்கிறார்! 'சலசல' என்பதைப் பிரித்தால் பொருள் இல்லை, அது இரட்டைக்கிளவி. 'பாம்பு பாம்பு' என்பதைப் பிரித்தாலும் பாம்பு பாம்புதான், அது அடுக்கு. ஆங்கிலேயர் கத்தரிக்கோலையும் செருப்பையும் ஒரே 'பேர்' என்கிறார்கள். என் கணக்கில் கத்தரி இரட்டைக்கிளவி, செருப்பு அடுக்கு.

இன்னொரு இணையும் உண்டு: எங்கள் பங்குக் கோவில் பேதுரு, பவுல் இருவருடையது. பழைய ஆட்களுக்கு இராயப்பர், சின்னப்பர். ஒருவர் கலிலேயாவில் வலை வீசியவர், மற்றவர் கூடாரம் செய்தவர். அந்தியோக்கியாவில் பேதுருவை முகத்துக்கு நேரே எதிர்த்ததைப் பவுலே கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். உடன்பிறப்பும் இல்லை, ஒரே தொழிலும் இல்லை. இரட்டை என்ற பொருளுள்ள பெயர்கூட அப்போஸ்தலர்களில் தோமாவுக்குத்தான். இருவரும் ரோமில் உயிர்கொடுத்தார்கள் என்பது மரபு. திருநாள் ஜூன் 29, ஒரே நாள்.

இவர்களுக்கு முதலில் சொன்ன நான்கு ஆங்கிலச் சொற்களில் ஒன்றும் பொருந்தாது. தமிழ் இலக்கணத்தில் இடம் உண்டு. கபிலரையும் பரணரையும் 'கபிலபரணர்' என்று சேர்த்துச் சொல்வதுபோல, 'உம்' வெளியே தெரியாமல் உள்ளே நின்று இருவரையும் பிணைக்கும். இராயப்பர் சின்னப்பர் உம்மைத்தொகை.