எம் தம்பியும் ஏட்டுக் கல்வியும்

பிறர் குறையை எடுத்துரைத்தல் எளிது. தம் குறையைத் தாமே எழுதுதல் அரிது. ஆயினும், எம் இல்லத்தில் நிகழ்ந்ததை எழுதுவதால் பிறிதோர் இல்லத்துச் சிறுவன் ஒருவனேனும் வசைமொழியினின்று தப்புவானாயின், எமக்கு நேரும் நாணம் பெரிதன்று எனத் துணிந்து இதனை எழுதப் புகுந்தோம்.

எம் தம்பிக்கு வயது 9. நான்காம் வகுப்பிற் படிக்கின்றான். பேச்சில் வல்லவன். தந்தையாரின் பட்டறையில் எந்தத் திருகாணி எந்தப் பொறிக்குரியது என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லுவான். புத்தகத்தை விரித்தாலோ, 'படம்' என்பதைப் 'பாடம்' என்பான். 'கொடி' என எழுதச் சொன்னால் 'கெடி' என்று எழுதுவான். ஒரு வரியில் அறிந்த சொல்லை அடுத்த வரியில் அறியான். தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் யாம் விடுமுறைதோறும் அவனுக்கு ஆசிரியராய் அமர்ந்தோம். பொறுமைதான் எம்மிடம் அமரவில்லை.

இரவு ஜெபத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வசனமாக வாசிப்பது எம் வீட்டு வழக்கம். அவன் தனக்கு எவ்வசனம் வரும் என்று ஆட்களை முன்னரே எண்ணிக் கணித்து, அதனை அன்னையாரிடம் கேட்டு மனப்பாடம் செய்து வைப்பான். கடந்த கோடையில் ஓரிரவு சிற்றப்பா எதிர்பாராது வந்து அமர்ந்தார். முறை ஓரிடம் தள்ளிப்போயிற்று. தம்பியோ, சிற்றப்பா அப்போதுதான் வாசித்து முடித்த வசனத்தையே மீண்டும் பிழையறச் சொன்னான். அனைவரும் நகைத்தனர், யாம் பெரிதும் நகைத்தோம். மறுநாள் அவன் எழுதிய ஏட்டைக் கிழித்தெறிந்து, "சோம்பேறி" என்றோம். அவன் அழவில்லை. "நேற்றும் இதைத்தான் படித்தேன், அக்கா, இன்றைக்கு எங்கே போயிற்றென்று தெரியவில்லை" என்றான்.

அச்சொல் எம்மை விட்டு நீங்கவில்லை. கல்லூரி திறந்ததும் அவன் ஏடுகளிலொன்றை எம் பேராசிரியை ஒருவரிடம் காட்டினோம். அவர் நெடுநேரம் நோக்கி, "இவை சோம்பலால் நேர்ந்த பிழைகள் அல்ல, ஒரே ஒழுங்கில் வரும் பிழைகள். சிறுவனைச் சோதிக்கச் செய்யுங்கள்" என்றார். டிஸ்லெக்சியா என்னும் பெயரை அன்றே முதன்முதலிற் கேட்டோம்.

பின்னர் நூலகத்திற் படித்தறிந்தது வருமாறு: 1896-ஆம் ஆண்டில் பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கில மருத்துவர், பெர்சி என்னும் 14 வயதுச் சிறுவனைப்பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அறிவுக்கூர்மையுள்ள அச்சிறுவன் கணக்கில் வல்லன். தன் பெயரையே பிழைபட எழுதுவான். பாடம் முழுவதும் வாய்மொழியாக நடக்குமாயின் பள்ளியில் அவனே முதல்வனாவான் என்பது அவன் ஆசிரியர் கூறிய கருத்து. படித்துக்கொண்டே வந்த எமக்குப் பெர்சியின் முகம் மறைந்து தம்பியின் முகமே தோன்றிற்று.

சோதனைக்கு அழைத்துச் செல்லத் தந்தையார் இசையவில்லை. "பிள்ளைக்குப் பைத்தியக்காரப் பட்டம் கட்டவா?" என்று சினந்தார். அன்னையார் மூன்று வாரம் விடாது மன்றாடிய பின்னரே இசைந்தார்.

மருத்துவமனையில் முதலிற் கண்ணையும் செவியையும் ஆராய்ந்தனர், இரண்டும் நன்றாயிருந்தன. பின்னர் உளவியலறிஞர் ஒருவர் இரு நாட் காலைப்பொழுதில் அவனோடு அமர்ந்தார். கட்டைகளை அடுக்கி வடிவம் அமைக்கச் சொன்னபோது விரைந்து அமைத்தான். "குதிரை என்பதில் முதலெழுத்தை நீக்கினால் எஞ்சுவது யாது?" என வினவியபோது திகைத்தான். பொருளற்ற சொற்கள் சிலவற்றை வாசிக்கச் செய்தனர்; ஊகத்தால் ஒப்பேற்ற இயலாத அவ்விடத்தில் அவன் நா எழவேயில்லை.

இறுதியில் அவ்வறிஞர், "குடும்பத்தில் வேறெவர்க்கேனும் படிப்பதில் இடர் இருந்ததுண்டோ?" என வினவினார். அன்னையார் இல்லையென்று தலையசைத்தார். தந்தையார் சற்று நேரம் தரையை நோக்கியிருந்து, "எனக்கு இருந்தது, இன்றும் இருக்கிறது" என்றார். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டது, நாளிதழை அன்னையாரைக் கொண்டே வாசிப்பிப்பது, கோயிலிற் பாட்டுப் புத்தகத்தை விரித்துவைத்து நினைவிலிருந்தே பாடுவது ஆகிய யாவும் அன்றுதான் எமக்குப் பொருள்பட்டன. பத்தொன்பது ஆண்டுகள் அவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்தும் யாம் இதனை அறிந்திலேம்.

டிஸ்லெக்சியா என்பது அறிவின் குறையன்று, கண்ணின் குறையுமன்று. சொல்லின் ஒலிகளைப் பிரித்துணர்ந்து எழுத்தோடு இணைக்கும் மூளையின் செயலில் உள்ள இடர் அது; குடும்பவழியில் வருதலும் உண்டு. 'கொ' என்னும் எழுத்தில் கொம்பு ககரத்தின் முன்னும் கால் பின்னும் நிற்கின்றன. உயிரொலியோ ககர மெய்க்குப் பின்னரே பிறக்கின்றது. கண் காணும் வரிசை வேறு, செவி கேட்கும் வரிசை வேறு. இலக்கணம் கற்ற யாம், இவ்வேற்றுமை ஒரு குழந்தைக்கு எத்துணைச் சுமையாகும் என எண்ணியதேயில்லை.

நோய்க்கு மருந்து கொடுப்பதுபோல இதற்கு மருந்தில்லை, பயிற்சி உண்டு. ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக இணைத்துக் கற்பிக்கின்றனர். வாயாற் சொல்லிக்கொண்டே மணலில் விரலால் எழுதுதலும் அதில் ஒன்று. நம் திண்ணைப் பள்ளிகளின் பழைய முறையே அது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இத்தகைய கற்றல் இடரை ஏற்றுக்கொண்டுள்ளது. சான்று பெற்ற மாணவர் பொதுத்தேர்வுகளிற் கூடுதல் நேரம் முதலிய சலுகைகளைப் பெறலாம்.

இப்போது மாலைதோறும் பட்டறை அடைத்தபின் தந்தையாரும் தம்பியும் மணல் பரப்பிய தட்டின்முன் ஒருங்கே அமர்கின்றனர். இருவரில் எவர் மாணவர் என்பது எமக்கு விளங்கவில்லை. கிறிஸ்துமஸ் விடுமுறையில் யாம் சென்றிருந்த இரவு, தம்பி தன் முறையில் ஒரு வசனத்தை விரலூன்றி எழுத்தெழுத்தாய் வாசித்தான். மனப்பாடமன்று, ஈரிடத்திற் பிழையிருந்ததே அதற்குச் சான்று. ஒருவரும் நகைக்கவில்லை.

நம்மிற் பலர் நாளை ஆசிரியராகப் போகின்றோம். வகுப்பின் கடைசி வரிசையில் தன் முறை எப்போது வருமென்று ஆட்களை எண்ணிக்கொண்டு ஒரு சிறுவன் அமர்ந்திருப்பான். அவனைச் சோம்பேறி என்னுமுன், அவன் ஏட்டை ஒருமுறை பொறுமையாக நோக்குவோமாக. பெற்றோரை அழைத்துச் சோதனைக்கு அனுப்புவோமாக. யாம் கிழித்த ஏட்டை ஒட்டும் வழி எமக்கில்லை. நீங்கள் கிழியாதிருத்தல் கூடும்.