சுரங்கம் ஏரியான ஊரில் ஒரு மருமகள்

ஸ்ரீ கெம்பாங்கானில் ஓர் ஏரி இருக்கிறது. கரையில் மரங்கள், ஓட்டல்கள், மாலையில் காற்று வாங்க வருகிறவர்கள். பாசனத்துக்காக வெட்டிய ஏரி அல்ல அது, வெள்ளீயத்துக்காக வெட்டிய பள்ளம். ஹோங் ஃபாட் என்ற பெயரில் இங்கே இயங்கிய சுரங்கம், உலகின் மிகப் பெரிய திறந்தவெளி வெள்ளீயச் சுரங்கம் என்று பெயர் வாங்கியிருந்தது. வேலை நின்றது, பள்ளத்தில் தண்ணீர் நிறைந்தது, கரையில் மைன்ஸ் பேரங்காடி எழுந்தது. கடைகளுக்கு நடுவே ஒரு கால்வாய். அதில் படகு போகிறது. நாகப்பட்டினத்தில் கடலைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஆனாலும் கட்டடத்துக்குள் படகு ஓடுவதைப் பார்த்து நின்ற இடத்தைவிட்டு நகர மனம் வரவில்லை.

என் அண்ணன் மகள் வாழ்க்கைப்பட்டிருப்பது இந்த ஊரில்தான். பழைய ஆட்கள் இன்னும் இதைச் சர்டாங் பாரு என்கிறார்கள். கம்யூனிஸ்டுகளோடு ஆங்கிலேயர் போரிட்ட அவசரகாலத்தில், காட்டோரங்களில் சிதறியிருந்த சீனக் குடும்பங்களைக் கொண்டுவந்து வேலிக்குள் குடியமர்த்திய புதுக்கிராமம் இது. ஹக்கா சீனர்கள் நிறைய. ரப்பர்த் தோட்டங்கள் வீட்டுமனைகளாக மாறியபோது தமிழ்க் குடும்பங்களும் சுற்றியுள்ள தாமான் என்கிற குடியிருப்புகளில் வந்து சேர்ந்தன. மாப்பிள்ளையின் தாத்தா பால்மரம் வெட்டியவர். மாப்பிள்ளை கணினி வேலை பார்க்கிறார்.

திருச்சியில் விமானம் ஏறினால் நான்கு மணி நேரத்தில் கோலாலம்பூர். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை. வீட்டிலிருந்தே கைப்பேசியில் வருகை அட்டையை நிரப்பி அனுப்பிவிட்டு வந்து இறங்கிவிட்டேன். சுற்றிப் பார்க்க வந்த எனக்கு இவ்வளவு எளிதாகத் திறந்த கதவு, இங்கேயே குடும்பம் நடத்தும் அண்ணன் மகளுக்கு எப்படித் திறக்கிறது என்பதை அவளோடு புத்ராஜெயாவுக்குப் போனபோதுதான் பார்த்தேன்.

தாமான் எக்குயின் நிலையத்தில் எம்.ஆர்.டி. ஏறினோம். 2023 மார்ச்சில் முழுமையாகத் திறந்த தடம். ரயில் மேம்பாலத்தில்தான் போகிறது. ஒரு பக்கம் அடுக்குமாடிகள், மறுபக்கம் வரிசை வீடுகளின் ஓட்டுக்கூரைகள், இடையிடையே பச்சைக் காடு. சைபர்ஜெயாவைத் தாண்டிப் புத்ராஜெயா சென்ட்ரலில் இறங்கினால் நம் கண்ணுக்குப் பழக்கமே இல்லாத ஒரு நகரம். தோட்டங்கள் இருந்த நிலத்தில், 1995 முதல், அரசாங்கம் நடத்துவதற்கென்றே கட்டிய ஊர் இது. செயற்கை ஏரி, அதன் மேல் விதவிதமான பாலங்கள், இளஞ்சிவப்பு மசூதி. அகன்ற சாலையில் நடந்துபோகிறவர்களைத் தேடத்தான் வேண்டும். குடிநுழைவுத் துறையின் தலைமையகமும் தேசியப் பதிவுத் துறையின் தலைமையகமும் ஒரே சாலையில் இருக்கின்றன. வெளிநாட்டு மனைவியின் வாழ்க்கை முழுவதும் இந்த இரண்டு கட்டடங்களுக்கு இடையில்தான் எழுதப்படுகிறது.

காத்திருக்கும் கூடத்தில் இந்தோனேசியப் பெண்கள், தாய்லாந்துப் பெண்கள், வியட்நாம் பெண்கள், எங்களைப் போன்ற தமிழ் முகங்கள். எல்லார் மடியிலும் ஒரு கோப்பு. அண்ணன் மகளின் கோப்பில் திருமணச் சான்றிதழ், இருவரின் பிறப்புச் சான்றிதழ், மாப்பிள்ளையின் மைகார்டு என்கிற அடையாள அட்டையின் நகல், விண்ணப்பப் படிவங்கள், மாப்பிள்ளை கையெழுத்திட்டு முத்திரை வாங்கிய ஜாமீன் பத்திரம் எல்லாம் இருந்தன. கல்யாணப் படங்களும் வைத்திருந்தாள்.

“படம் எதுக்கும்மா?” என்றேன்.

“கேட்டா எடுத்துக் குடுக்கணும்ல அத்தை. ரெண்டு பேரும் சேர்ந்து வரணும், சேர்ந்துதான் கவுண்டர்ல நிக்கணும். அவங்களுக்கு லீவு கிடைக்கலைன்னா எனக்கு அன்னைக்கு வேலை ஆகாது” என்றாள்.

மாப்பிள்ளை பக்கத்திலிருந்து, “பரவாயில்லை அத்தை, பழகிப்போச்சு” என்றார். பழகிவிட்டது உண்மைதான். ஆனால் ஊரில் பத்து வருடம் பாடம் நடத்திய பெண், தன் மணவாழ்க்கை உண்மையானது என்று மறுபடி மறுபடி காட்டக் காகிதங்களை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்கு நெஞ்சு கனத்தது.

அவளுக்குக் கிடைப்பது நீண்டகால சமூக வருகைப் பாஸ். முதலில் குறுகிய காலத்துக்குத் தருகிறார்கள், பிறகு காலத்தைக் கூட்டிப் புதுப்பிக்கிறார்கள். வேலைக்குப் போக விரும்பினால் அதற்குத் தனியாக அனுமதி கேட்டு வாங்க வேண்டும். ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து தங்கினால் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். கிடைத்தால் சிவப்பு ஐசி, அதாவது சிவப்பு அடையாள அட்டை. குடியுரிமை பெற்றால் நீல ஐசி. மலேசிய அரசியலமைப்பின் 15(1) பிரிவு, குடிமகனின் மனைவி குடியுரிமை கேட்க வழி செய்கிறது. குடிமகளின் கணவனுக்கு அந்த வழி இல்லை. கிள்ளானில் பிறந்த பெண்ணைக் கட்டிக்கொண்ட தஞ்சாவூர்ப் பையன், எத்தனை வருடம் அவளோடு வாழ்ந்தாலும் கணவன் என்ற முறையில் அதைக் கேட்க முடியாது. இது நியாயமில்லை என்றே நினைக்கிறேன்.

பிள்ளைகள் விஷயத்திலும் இப்படித்தான் இருந்தது. வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கு மலேசியத் தந்தை வழியாகக் குடியுரிமை இயல்பாக வந்தது, மலேசியத் தாய் வழியாக வரவில்லை. தாய்மார்கள் சிலர் வழக்குப் போட்டார்கள். 2021 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. கடைசியில் 2024 அக்டோபர் 17 அன்று, அந்தத் தாய்மார்கள் கேட்ட அரசியலமைப்புத் திருத்தத்துக்கு மக்களவையில் 206 பேர் ஆதரவாக வாக்களித்தார்கள். முன்பே பிறந்துவிட்ட குழந்தைகளுக்கு அது பொருந்தாது.

காகிதத்தின் கனம் எங்கள் குடும்பத்துக்குப் புதிதல்ல. என் பாட்டியின் தங்கை புருஷனைத் தேடி மலாயாவுக்குப் போனவர். நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறி, பினாங்கு தாண்டி, இன்று போர்ட் கிள்ளான் என்கிற சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் இறங்கியிருக்கிறார். வாந்தியும் கூட்டமும் தொற்றுநோய்ப் பயமும் நிறைந்த பயணம் அது. 1953இல் புதிய குடிநுழைவுச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் வாசல் குறுகியது. மலேசியா ஆனபின், 1960களின் இறுதியில், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யவே பெர்மிட் வேண்டும் என்றானது. தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் ஊர் திரும்பினார்கள். சின்னப் பாட்டி திரும்பவில்லை. அவர் கையில் காகிதம் இருந்தது. காகிதம் இல்லாத பக்கத்து லயன் வீட்டார் கப்பலேறினார்கள் என்று வீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

புத்ராஜெயா போய்வந்த அன்று மாலை கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு. அண்ணன் மகள் பாஸ் கிடைத்த சந்தோஷத்தில் பூக்கடையில் மல்லிகை வாங்கி எனக்கும் வைத்துவிட்டாள். தெருவெல்லாம் தமிழ், பட்டுக்கடை, சாமி பாட்டு. இவ்வளவும் நம்முடையதாகத் தெரிகிற தெருவில் அவள் உரிமையெல்லாம் கைப்பையில் இருந்த ஒரு கடவுச்சீட்டில் ஒட்டியிருந்தது. கணவனோடு பந்தம் முறிந்தால் அந்தப் பாஸுக்கு அடிப்படையே இல்லாமல் போகும். குழந்தையோடு நிற்கிற பெண்ணுக்கு அது பெரும் பயம். கொடுமை செய்கிற வீட்டிலும் வாயை மூடிக்கொண்டு இருக்கவைக்கிற பயம். மனைவியின் பாஸ் அவள் பெயரிலேயே, கணவனின் தயவைச் சாராமல் நிற்க வேண்டும்.

மலேசியாவில் பெண் கொடுக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். மாப்பிள்ளையின் சம்பளத்தை விசாரிக்கும் நாம், பெண் அங்கே தங்கும் உரிமையையும் விசாரிக்க வேண்டும். கோயிலில் தாலி கட்டியதோடு விட்டுவிடாதீர்கள். ஊரில் நடந்த கல்யாணத்தை ஊரிலேயே சட்டப்படி பதிந்துவிட்டு, ஆறு மாதத்துக்குள் மலேசியத் தூதரக அலுவலகத்திலோ பதிவுத் துறையிலோ தெரிவியுங்கள். கல்யாணம் சட்டப்படி பதிவாகும் முன் குழந்தை பிறந்தால், தந்தை மலேசியர் என்றாலும் மலேசியச் சட்டம் குழந்தைக்குத் தாயின் குடியுரிமையையே பார்க்கும். குடியுரிமை இல்லாமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளில் பலரின் கதை இப்படித்தான் தொடங்கியிருக்கிறது. 30 நாள் சுற்றுலா அனுமதியில் பெண்ணை அனுப்பிவிட்டு, மீதியை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். அசல் சான்றிதழ்கள் அவள் கையிலேயே இருக்கட்டும், மாமியார் வீட்டுப் பீரோவில் வேண்டாம்.