போன் எடுக்காத ஆடிட்டரும் கடைசித் தேதியும்: குடிபாலா வரிக் குறிப்பேடு, 2025

மே 27, செவ்வாய்

வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய, தணிக்கை தேவைப்படாதவர்களுக்கு வழக்கமான கடைசித் தேதி ஜூலை 31. 2024-25 நிதியாண்டின் கணக்குக்கு மட்டும் அது செப்டம்பர் 15 என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் இன்று அறிவித்திருக்கிறது. படிவங்கள் நிறைய மாறியிருக்கின்றன, அவற்றுக்கான மென்பொருளைத் தயார் செய்ய நாள் பிடிக்கும் என்பது சொல்லப்பட்ட காரணம். நாற்பத்தாறு நாள் கூடுதலாகக் கிடைத்தது நல்லதுதான். ஆனால் ஆடிட்டரை நம்பிக் காத்திருப்பவருக்கு, காத்திருக்கும் காலமும் அதே அளவு நீள்கிறது.

சித்தூர்-வேலூர் சாலையில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிற ஆந்திர மண்டலம் குடிபாலா. தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டில் புழங்கும் ஊர்கள். அரசுப் பள்ளி ஆசிரியர்கள், சி.எம்.சி. மருத்துவமனையின் சித்தூர் வளாகத்தில் வேலை செய்பவர்கள், தினமும் காட்பாடிக்கும் வேலூருக்கும் பஸ் ஏறுபவர்கள், லாரி வைத்திருப்பவர்கள், மாங்காய் வியாபாரிகள், ஓய்வூதியர்கள் என்று இங்கே வரிக் கணக்கு தாக்கல் செய்யும் கூட்டம் கலவையானது. மாந்தோப்பு வருமானத்துக்கு வரி இல்லை. ஆனால் அதே மாங்காயை மற்றவரிடம் வாங்கி விற்றால் அது வியாபாரம், வரிக்கு உட்பட்டது. இந்த மாதிரிச் சிக்கல்களுக்குத்தான் ஆடிட்டரைத் தேடிப் போகிறார்கள். சித்தூரிலோ வேலூரிலோ ஆடிட்டர் என்று அழைக்கப்படுபவர் பட்டயக் கணக்காளராக இருக்கலாம், வரி வழக்கறிஞராக இருக்கலாம், கணினி வைத்துக்கொண்டு படிவம் நிரப்பித் தருபவராகவும் இருக்கலாம். யாரிடம் கொடுக்கிறோம் என்பதை ஆரம்பத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பின்னால் புகார் கொடுக்க நேர்ந்தால் எந்தக் கதவைத் தட்டுவது என்பதை அதுதான் தீர்மானிக்கும்.

ஜூன் 15, ஞாயிறு

பிடித்த வரிக்கான சான்றிதழான ஃபார்ம் 16-ஐச் சம்பளம் கொடுப்பவர் தர வேண்டிய கடைசி நாள். எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர்களின் தாள்களில் ஒரு சின்ன வித்தியாசம் இருக்கும். ஆந்திரத்தில் தொழில் வரி மாதாமாதம் பிடிக்கப்படுகிறது, 20,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் என்றால் மாதம் 200. தமிழ்நாட்டில் உள்ளாட்சிகள் அதை அரையாண்டுக்கு ஒருமுறை வசூலிக்கின்றன. இந்தப் பக்கத்துப் பழக்கத்திலேயே அந்தப் பக்கத்துக் கணக்கையும் போட்டுவிடும் ஆடிட்டர்கள் உண்டு.

தாள்களை ஒப்படைக்கும் நாள்தான் பின்னால் வரப்போகும் ஆடிட்டரின் மௌனத்துக்கு மருந்து தயாராகும் நாள். அசல் எதையும் கொடுக்க வேண்டியதில்லை, நகலே போதும். என்னென்ன கொடுத்தோம், எவ்வளவு முன்பணம் தந்தோம், எந்தத் தேதிக்குள் முடித்துத் தருவதாகப் பேச்சு என்பதை ஒரு வாட்ஸ்அப் செய்தியாகவாவது எழுதி அனுப்ப வேண்டும். அங்கிருந்து ஒரு “சரி சார்” வந்தாலே அது சாட்சி.

ஜூலை 14, திங்கள்

நாடு முழுவதும் சுமார் 150 இடங்களில் வருமான வரித் துறை இன்று சோதனை நடத்தியிருக்கிறது. பொய்யான கழிவுகளைக் காட்டி ரீஃபண்ட் வாங்கித் தரும் இடைத்தரகர்கள்தான் குறி. தமிழ்நாடும் பட்டியலில் உண்டு. துறையின் அறிக்கையில் ஒரு தகவல் கவனத்துக்குரியது: சில தரகர்கள் மொத்தமாகக் கணக்கு போடுவதற்கென்றே தற்காலிக மின்னஞ்சல் முகவரிகளை உருவாக்கி, வேலை முடிந்ததும் கைவிட்டுவிடுகிறார்கள். துறை அனுப்பும் நோட்டீஸ் யார் கண்ணிலும் படாமல் அங்கேயே கிடக்கிறது. முந்தைய நான்கு மாதங்களில் சுமார் 40,000 பேர் கணக்கைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய் அளவுக்குத் தவறான கோரிக்கைகளைத் தாங்களாகவே விலக்கிக்கொண்டதாகவும் அறிக்கை சொல்கிறது.

மோசடி நோக்கமே இல்லாத நல்ல ஆடிட்டரிடமும் இதன் சாயல் இருக்கும். வருமான வரித் தளத்தில் பான் எண்ணைக் கொடுத்து உள்ளே போய், சுயவிவரப் பக்கத்தைத் திறந்தால் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் தெரியும். பலரது பக்கத்தில் அந்த எண் ஆடிட்டர் அலுவலகத்து உதவியாளருடையது. மின்னஞ்சலோ அந்த அலுவலகத்தின் பெயரிலேயே இருக்கும். சொந்தப் பணத்துக்கான சாவி வேறொருவர் சட்டைப்பையில் இருக்கிறது என்பதே பல வருடங்களாக வரி கட்டுபவருக்குத் தெரியாது. அந்த உதவியாளர் வேலையை விட்டுப் போய்விட்டால் ஓ.டி.பி.யும் அவரோடு போய்விடும்.

ஜூலை 31, வியாழன்

பழைய கடைசித் தேதி சத்தமில்லாமல் கடந்தது. சம்பளக்காரர்களுக்கான ஐ.டி.ஆர்-1 ஜூன் தொடக்கத்திலேயே தளத்தில் வந்துவிட்டது. பங்கு, நிலம் விற்றவர்களுக்கான ஐ.டி.ஆர்-2 ஜூலை பாதிக்கு மேல்தான் வந்தது. வியாபாரிகளுக்கான ஐ.டி.ஆர்-3 நேற்றுதான் இணையத்தில் திறந்தது. ஆக, சிறு ஊர் ஆடிட்டர் ஒருவரின் மேசையில் ஆகஸ்டும் செப்டம்பரும் ஒன்றாகக் குவியும். மாதாமாதம் 11ஆம் தேதி ஒரு ஜி.எஸ்.டி. படிவம், 20ஆம் தேதி இன்னொன்று. செப்டம்பர் 30க்குள் தணிக்கை அறிக்கைகள் வேறு. இந்த வரிசையில் பெரிய கட்டணம் தரும் கடைக்காரரின் வேலை முன்னால் நகரும், ஐந்நூறோ ஆயிரமோ தரும் ஆசிரியரின் கோப்பு அடியில் போகும். வேலைப்பளுவைப் புரிந்துகொள்ள முடியும். காசு வாங்கிக்கொண்டு, முடியாது என்றுகூடச் சொல்லாமல் இருப்பதை ஏற்க முடியாது. அந்த ஒரு சொல் கிடைத்தால் வாடிக்கையாளர் வேறிடம் பார்த்துக்கொள்வார்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

விநாயகர் சதுர்த்தி முடிந்த வாரம். மௌனம் பெரும்பாலும் இந்தச் சமயத்தில்தான் தொடங்குகிறது. முதலில் “சார் மீட்டிங்ல இருக்காங்க”, அப்புறம் “சாயந்திரம் போட்டுடறோம்”, அப்புறம் மணி அடித்து ஓய்கிறது. திரும்பத் திரும்ப அழைப்பதால் பயன் குறைவு. எழுத்தில் கேட்பது நல்லது: கணக்கு தயாராகிவிட்டதா, கட்ட வேண்டிய வரி ஏதாவது உண்டா, தாக்கல் ஆகிவிட்டது என்றால் ஒப்புகை எண் என்ன. அதோடு, குறிப்பிட்ட தேதிக்குள் பதில் வராவிட்டால் வேறு ஏற்பாடு செய்துகொள்ளப்படும் என்ற ஒரு வரியும் இருக்கட்டும்.

“போட்டாச்சு சார்” என்ற பதில் மட்டும் போதாது. தாக்கலான கணக்குக்குப் பதினைந்து இலக்க ஒப்புகை எண் உண்டு. தளத்தில் தாக்கல் செய்த கணக்குகளின் பட்டியலில் அது தெரியும். அதன் பக்கத்தில் ‘சரிபார்ப்பு நிலுவை’ என்று இருந்தால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. கணக்கை ஏற்றிய 30 நாளுக்குள் ஆதார் ஓ.டி.பி. மூலமோ வங்கிக் கணக்கு மூலமோ சரிபார்க்க வேண்டும், அல்லது கையெழுத்திட்ட ஒப்புகைத் தாள் வருமான வரித் துறையின் பெங்களூரு மையத்துக்குத் தபாலில் போய்ச் சேர வேண்டும். 30 நாள் தாண்டினால், சரிபார்த்த நாளே தாக்கல் செய்த நாளாகிவிடும். செப்டம்பர் 10இல் ஏற்றி நவம்பரில் சரிபார்க்கப்பட்ட கணக்கு, சட்டத்தின் கண்ணில் தாமதக் கணக்கு.

செப்டம்பர் 10, புதன்

இன்னமும் பதில் இல்லை என்றால் கோப்பைக் கையில் எடுக்க இதுவே கடைசி நிதானமான நாள். கடவுச்சொல் ஆடிட்டரிடம் இருந்தாலும் கவலை இல்லை. ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ என்பதை அழுத்தினால் ஆதாரோடு இணைந்த கைபேசிக்கு ஓ.டி.பி. வரும். பல வங்கிகளின் இணைய வங்கி வழியாகவும் நேரே உள்ளே போகலாம். உள்ளே போனதும் முதல் வேலை கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் சொந்தமாக மாற்றுவது. ஆதாரிலேயே பழைய எண் இருந்தால் ஆதார் மையத்துக்குப் போய்க் கட்டணம் கட்டி மாற்ற வேண்டும், அது பதிவாகச் சில நாள் ஆகலாம். மௌனத்தைக் கடைசி நாள் வரை பொறுக்கக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

ஆடிட்டரிடம் சிக்கியிருக்கும் தாள்கள் இல்லாமலே பெரும்பாலான வேலை நடக்கும். பிடிக்கப்பட்ட வரி 26ஏஎஸ் அறிக்கையில் இருக்கிறது. வட்டி, பங்கு விற்பனை, பெரிய பணப் பரிமாற்றங்கள் ஆண்டுத் தகவல் அறிக்கையில் இருக்கின்றன. ஃபார்ம் 16-ஐ அலுவலகத்தில் திரும்பக் கேட்கலாம். ஐ.டி.ஆர்-1இல் பாதிக் கட்டங்கள் முன்கூட்டியே நிரம்பியிருக்கும். ஆடிட்டர் தளத்திலேயே பாதி நிரப்பி வைத்திருந்தால் அந்த வரைவும் கண்ணில் படும், தம்முடைய தனி மென்பொருளில் வைத்திருந்தால் படாது. வேறொருவரிடம் போவதற்குப் பழையவரின் அனுமதி தேவையில்லை. ஒரே கணக்கை இருவரும் தாக்கல் செய்துவிடாமல் இருக்க, இனி எதையும் தாக்கல் செய்ய வேண்டாம் என்று பழையவருக்கு ஒரு வரி எழுதி அனுப்பிவிட வேண்டும்.

செப்டம்பர் 16, செவ்வாய்

கடைசித் தேதி செப்டம்பர் 30க்கு நீட்டிக்கப்பட்டதாக வார இறுதியில் ஒரு போலிச் செய்தி சுற்றியது. அது பொய், 15தான் கடைசி என்று துறை மறுத்தது. “எப்படியும் நீட்டுவாங்க” என்று சொல்லிவந்த அலுவலகங்களுக்கு அந்தப் போலிச் செய்தி வசதியாகப் போயிற்று. நேற்று தளம் தவழ்ந்தது. 7.3 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகள் வந்து சேர்ந்த பிறகு, நேற்று இரவில் ஒரே ஒரு நாள் நீட்டிப்பு அறிவிக்கப்பட்டது. நள்ளிரவு முதல் இரண்டரை மணி வரை தளம் பராமரிப்புக்காக மூடியும் இருந்தது. நீட்டிப்பை நம்பிக் காத்திருந்தவருக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

அமெரிக்காவில் ஏப்ரல் 15க்குள் ஒரு படிவம் கொடுத்தால் கணக்கு தாக்கலுக்கு ஆறு மாத அவகாசம் தனி ஆளுக்கே கிடைக்கும், வரியை மட்டும் உரிய நாளில் கட்டிவிட வேண்டும். இந்தியாவில் அப்படித் தனியாகக் கேட்க வழி இல்லை. நீட்டினால் அரசு எல்லோருக்கும் நீட்டும், இல்லையென்றால் யாருக்கும் இல்லை. நம்பியவர் கைவிட்டார் என்ற வாதமோ அங்கேயும் எடுபடவில்லை. வழக்கறிஞர் அலுவலகத்தின் கவனக்குறைவால் மூன்று மாதம் பிந்திய, இறந்தவர் விட்டுச்சென்ற சொத்துக்கான ஒரு வரிக் கணக்கு பற்றிய பாயில் வழக்கில், குறித்த நாளில் தாக்கல் செய்யும் பொறுப்பை இன்னொருவர் தலையில் கட்ட முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1985இல் தீர்ப்பளித்தது.

செப்டம்பர் 17, புதன்

தேதி தாண்டிவிட்டது. 234எஃப் பிரிவின்படி தாமதக் கட்டணம் 5,000 ரூபாய், மொத்த வருமானம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் 1,000. பாக்கி வரி இருந்தால் மாதத்துக்கு ஒரு சதவீத வட்டி, மாதத்தில் ஒரு நாள் ஆனாலும் முழு மாதக் கணக்கு. எல்லோரும் பேசுவது இந்த ஐயாயிரத்தைத்தான். நிஜமான இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது. தொழில் வருமானம் இல்லாதவர் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் உரிய தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். தாண்டினால் தானாகவே புதிய முறைதான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். சம்பளம் ஒன்பது லட்சம், சொந்த வீட்டுக் கடனுக்கு வட்டி இரண்டு லட்சம், சேமநிதியும் காப்பீடும் சேர்த்து ஒன்றரை லட்சம். பழைய முறையில் நிலைக்கழிவு 50,000 போக மீதி ஐந்து லட்சம், தள்ளுபடி போக வரி பூஜ்யம். அதே ஆள் புதிய முறையில் 75,000 மட்டுமே கழிக்க முடியும். 8,25,000க்கு வரியும் செஸ்ஸும் சேர்த்து 33,800 ரூபாய். தாமதக் கட்டணமும் வட்டியும் இதற்கு மேல். ஆடிட்டரின் மௌனத்துக்கு ஒரு பள்ளி ஆசிரியர் கொடுக்கும் விலை இது. பங்குகளில் நட்டம் கண்டவர் அந்த நட்டத்தை அடுத்த ஆண்டுகளுக்குக் கொண்டுபோகும் உரிமையையும் இழக்கிறார். ரீஃபண்ட் வர வேண்டியவருக்கு நிலைமை அவ்வளவு மோசமில்லை, தாமதக் கணக்கிலும் பணம் வரும். கட்டணம் மட்டும் அதிலிருந்து போகும்.

டிசம்பர் 31, புதன்

தணிக்கை தேவைப்படுபவர்களுக்கான தேதிகள் இதற்கிடையே நீண்டு டிசம்பர் 10இல் முடிந்தன. தாமதக் கணக்கு தாக்கல் செய்யவும், அவசரத்தில் போட்ட கணக்கைத் திருத்தவும் இன்றுதான் கடைசி.

புகார் கொடுப்பவர்களுக்கு வழி ஆளைப் பொறுத்தது. பட்டயக் கணக்காளர் என்றால், 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவுக்கு 2,500 ரூபாய் கட்டணத்துடன் புகார் அனுப்பலாம். அங்கே தண்டனை கிடைக்கலாமே தவிர, இழந்த பணம் திரும்பாது. இழப்பீடு கேட்க சித்தூரிலும் திருப்பதியிலும் மாவட்ட நுகர்வோர் ஆணையங்கள் இருக்கின்றன, இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். வழக்கறிஞர்களின் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் சொல்லிவிட்டதால், வரி வழக்கறிஞர் மீதான புகார் பார் கவுன்சிலுக்குத்தான் போகும். எங்கே போனாலும் ஜூன் மாதத்து வாட்ஸ்அப் செய்தியும் பணம் கட்டிய ரசீதும்தான் முதலில் கேட்கப்படும்.

இன்றைய நாளையும் தவறவிட்டவர்களில் ரீஃபண்ட் வர வேண்டியவர்கள், 119(2)(பி) பிரிவின் கீழ் தாமதத்தைப் பொறுத்தருளக் கோரி முதன்மை ஆணையருக்கு விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டு ஆண்டு (நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்து ஐந்து ஆண்டு வரை அதற்கு அவகாசம். உண்மையான இக்கட்டு இருந்தது என்று காட்ட வேண்டும், பதில் வராத செய்திகளின் தேதிகள் அங்கே உதவும். வரி கட்ட வேண்டியவர்களுக்குப் புதுப்பிக்கப்பட்ட கணக்கு என்ற வழி உண்டு. முதல் ஆண்டில் வரியிலும் வட்டியிலும் 25 சதவீதம் கூடுதல், அடுத்தடுத்த ஆண்டுகளில் 50, 60, 70. இந்த மதிப்பீட்டு ஆண்டுக்கு அந்த வழி 2030 மார்ச் 31 வரை திறந்திருக்கும்.