கம்பியை மாற்றச் சொல்லும் முன்

தடுப்புச் சுவரின் கம்பிக் கட்டைப் புதிதாகப் பார்ப்பவருக்குக் குழப்பம் வரும். பெரிய கம்பிகளெல்லாம் மண் பக்கம் இருக்கும். கண்ணில் படும் வெளிப்பக்கம் சிறிய கம்பிகள்தான். மண் தள்ளும்போது சுவரின் மண் பக்கத்தில்தான் இழுவிசை வரும். கான்கிரீட் இழுவிசையைத் தாங்காது. அதனால் கம்பி அங்கே நிற்கிறது.

சாலைப் பணி ஒன்றில், தார் போடுவதில் கைதேர்ந்த ஆய்வாளர் ஒருவர், "மேஸ்திரி, பெரிய கம்பியை வெளிப்பக்கம் மாத்துங்க" என்றார். "சரிங்க சார்" என்று மேஸ்திரியும் கட்டை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார். கான்கிரீட் போடும் முன் வரைபடத்தை விரித்துக் காட்டி நிறுத்தினோம். அந்த ஆய்வாளர் நேர்மையானவர், தார்ச் சாலையில் அவர் கண் தப்பாது. ஆனால் அந்தச் சுவரைக் கணக்கிட்டது அவர் இல்லை.

"எதுக்கும் இருக்கட்டும், நாலு கம்பி சேத்துப் போடுங்க" என்பதும் இதே வகைதான். அளவான கம்பியுள்ள உத்தரத்தில் சுமை மிஞ்சினால் கம்பி முதலில் நீளும், விரிசல் விடும், ஆட்கள் விலக நேரம் கிடைக்கும். கம்பி மிகுந்தால் கான்கிரீட் முந்திக்கொண்டு நொறுங்கும்; முன்னறிவிப்பு இருக்காது. உத்தரத்தின் இழுவிசைக் கம்பிக்கு ஐ.எஸ். 456 தரநிலை குறுக்குவெட்டுப் பரப்பில் நான்கு சதவீதம் என உச்சவரம்பு வைத்திருக்கிறது. நெருக்கமான கம்பிகளுக்கிடையே ஜல்லி இறங்காமல் உள்ளே பொந்து விழுவது இன்னொரு கேடு.

ஆய்வாளர் வேலை முறையைச் சொல்லத் தொடங்கினால் பொறுப்பும் இடம் மாறுகிறது. நாளை குறை வந்தால் "சார் சொன்னாங்க, செஞ்சோம்" என்பார் ஒப்பந்ததாரர். அதற்குப் பதில் இருக்காது.

அளப்பதும், ஒப்பிடுவதும், நிறுத்துவதும், எழுதுவதும்தான் ஆய்வாளர்களான நம் வேலை. கவர் பிளாக் இருக்கிறதா? கலவையில் யாராவது தண்ணீர் சேர்க்கிறார்களா? 150 மி.மீ. சோதனைக் கியூப்கள் நம் கண்முன் எடுக்கப்பட்டனவா? ஆறு மீட்டருக்கு மேல் நீளும் உத்தரத்தின் முட்டுகளை 21 நாள் ஆகுமுன் பிரிக்கிறார்களா? இவற்றில் விட்டுக்கொடுக்கவே கூடாது. வரைபடத்தில் சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் வேலையை நிறுத்தி, சைட் ஆர்டர் புக்கில் எழுதி, வடிவமைத்தவரிடம் எழுத்தில் பதில் வாங்க வேண்டும்.

வேலையை நிறுத்தாததன் விலைக்குக் கனடாவின் கியூபெக் பாலம் சாட்சி. அது கட்டப்பட்டுக்கொண்டிருந்தபோது 1907-இல் நார்மன் மெக்லூர் என்ற இளம் பொறியாளர் அளந்து பார்த்தார். முக்கால் அங்குலமாக இருந்த ஓர் உறுப்பின் வளைவு இரண்டேகால் அங்குலமாகியிருந்தது. அதைத் தானே சரிசெய்ய முனையாமல், நியூயார்க்கில் இருந்த தலைமை ஆலோசகர் தியோடர் கூப்பரிடம் நேரில் கொண்டுபோனார். இதற்கிடையே பாலத்தில் வேலை நிற்கவில்லை. ஆகஸ்ட் 29 அன்று பாலம் விழுந்து 75 பேர் இறந்தார்கள். மெக்லூர் அளந்ததும் சரி, கேட்டதும் சரி. நிறுத்தும் அதிகாரம் மட்டும் அவரிடம் இல்லை.

நமக்கு அந்த அதிகாரம் இருக்கிறது. தெரியாததில் உத்தரவு போட்டு அதை வீணாக்கினால், தெரிந்ததற்காக "நிறுத்து" என்று சொல்லும் நாளில் மேஸ்திரி நம் பேச்சைக் கேட்கமாட்டார்.