ஆடியில் காலியாகும் தக்காளிக் குடில்கள்

நம் ஊரில் ஆடிப்பட்டம் தேடி விதைக்கும் நேரத்தில், தெற்கு ஸ்பெயினின் அல்மெரியா மாகாணத்தில் தக்காளி விவசாயிகள் பசுமைக்குடிலைக் காலி செய்து கதவைச் சாத்திவிடுகிறார்கள். விலை நன்றாக இருந்தாலும் பெரும்பாலோர் அந்த வெயிலில் செடி வைப்பதில்லை.

மலகா நகரிலிருந்து கிழக்கே கடலோர நெடுஞ்சாலையில் அத்ரா ஊரைத் தாண்டியதும் அந்தக் காட்சி தொடங்குகிறது. இடது பக்கம் காதோர் மலை, வலது பக்கம் மத்தியதரைக் கடல், நடுவே மண்ணே தெரியாமல் வெள்ளை வெளேரென்று பிளாஸ்டிக் கூரைகள். எல் எஹிதோ, நிஹார் என்று மாகாணம் முழுக்க 30,000 ஹெக்டேருக்கு மேல், அதாவது ஏறக்குறைய 75,000 ஏக்கர். விண்வெளியிலிருந்து எடுத்த படங்களிலும் இந்த வெள்ளைத் திட்டு தெரியும்.

ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் அளவே மழை பெய்யும் வறண்ட பூமி இது. 1950-களில் இங்கே மண்ணின் மேல் தொழு உரம் பரப்பி, அதன் மேல் மணலை மூடாக்காகப் போட்டுக் காய்கறி விளைவிக்கத் தொடங்கினார்கள். 1960-களில் திராட்சைப் பந்தலின் கம்பத்துக்கும் கம்பிக்கும் மேல் பிளாஸ்டிக்கை இழுத்துக் கட்டியதுதான் முதல் குடில்கள். இன்றும் பெரும்பாலானவை சில ஏக்கர் குடும்ப நிலங்களே.

1990-களில் வெள்ளை ஈயோடு இலைச்சுருள் வைரஸ் வந்தது. இளம் செடியில் தொற்றினால் நுனி இலைகள் மஞ்சளாகிக் கிண்ணம்போல் மேல்நோக்கிச் சுருளும். செடி குட்டையாகும், பூ உதிரும். தொற்றிய செடியைக் குணமாக்க மருந்து கிடையாது. வெள்ளை ஈக்கு அடித்த மருந்துகளும் போகப் போகக் கேட்கவில்லை. எனவே ஈயை உள்ளே விடாமல் தடுப்பதே வழியானது. காற்றுத் திறப்புகள் எல்லாவற்றிலும் சென்டிமீட்டருக்கு 10-க்கு 20 இழை கொண்ட நுண்வலை கட்டினார்கள். வாசலுக்கு இரட்டைக் கதவு வைத்தார்கள். ஒன்றைச் சாத்திய பிறகே மற்றது திறக்கும்.

ஆனால் ஈயைத் தடுக்கும் வலை காற்றையும் தடுக்கும். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுக் காய்ப்பிடிப்பு குறையும். காற்றோட்டம் இல்லாமல் இரவில் ஈரம் தேங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் வலை கட்டியவர்கள் கூரையிலும் பக்கங்களிலும் திறப்புகளைப் பெரிதாக்க வேண்டியிருந்தது. கோடையில் கூரைமேல் சுண்ணாம்புத்தூள் கரைசலைத் தெளித்து வெயிலைத் திருப்பிவிடுகிறார்கள். வெப்பம் தணிந்ததும் அதைக் கழுவிவிட வேண்டும். விட்டால் வெளிச்சம் போதாமல் செடி நெடுநெடுவென வளர்ந்து காய்ப்பு குறையும்.

இத்தனைக்கும் அடிப்படை அந்தக் காலி மாதங்கள்தான். அறுவடை முடிந்ததும் பழைய செடிகளை வேரோடு அகற்றுகிறார்கள். வைரஸ் தங்கும் மணத்தக்காளி, ஊமத்தை போன்ற களைகளையும் விடுவதில்லை. பிறகு மண்ணை நன்றாக நனைத்து, நிறமில்லாத பாலித்தீன் தாளை இறுக விரித்து, ஓரங்களை மண்ணால் மூடுகிறார்கள். நாலு முதல் ஆறு வாரம் வெயிலில் வெந்த மேல்மண்ணில் வாடல் பூஞ்சையும் நூற்புழுவும் வெகுவாகக் குறைகின்றன. உண்ணச் செடி இல்லாத சூடான குடிலில் வெள்ளை ஈ சில நாட்களில் மடிகிறது.

ஒருவர் மட்டும் இதைச் செய்தால் போதாது. குடிலுக்குக் குடில் சில அடிதான் இடைவெளி. கிழிந்த வலையோடு கைவிட்ட ஒரு குடில், சுற்றியுள்ள அத்தனை பேருக்கும் ஈயை வளர்த்துக் கொடுக்கும். அதனால்தான் 2001-ல் அந்தலூசிய மாநில அரசு வலை, இரட்டைக் கதவு, பயிர்க்கழிவு அகற்றல் ஆகியவற்றைக் கட்டாயமாக்கியது.

2006 இறுதியில் இங்கிருந்து போன குடைமிளகாயில் அனுமதியற்ற பூச்சிக்கொல்லியின் எச்சம் ஜெர்மனியில் பிடிபட்டது. சந்தையே கைவிட்டுப் போகும் நிலையில் விவசாயிகள் நன்மை செய்யும் பூச்சிகளின் பக்கம் வேகமாகத் திரும்பினார்கள். தக்காளியில் நெசிடியோகோரிஸ் என்ற சிறு நாவாய்ப்பூச்சி வெள்ளை ஈயின் முட்டையையும் குஞ்சையும் ஊசிப்புழுவின் முட்டையையும் தின்கிறது. ஆனால் இரை தீர்ந்தால் அதுவே செடியைக் குத்தும். அதனால் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அல்மெரியாவின் நாட்காட்டி நமக்கு அப்படியே பொருந்தாது. அவர்களுக்கு ஆடி என்றால் நமக்கு சித்திரை, வைகாசி. கத்திரி வெயிலில் குடிலுக்குள் தக்காளியைக் காப்பாற்றப் போராடுவதற்குப் பதில், அந்த வெயிலையே மண்ணுக்கு மருந்தாக்கலாம். அதற்கு முன் வலையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துத் தைத்துவிடுங்கள். பக்கத்து வயல் வெண்டையிலும் கத்தரியிலும் வெள்ளை ஈ இருந்தால் அந்த வயல்காரரிடமும் பேசுங்கள். வேலி வேறாக இருந்தாலும் ஈ ஒன்றுதான்.