சிறு துரும்பும் பல் குத்த உதவும்

“சிறு துரும்பும் பல் குத்த உதவும்” என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. சிறு வயது முதலே இதைக் கேட்டு வந்தபோதிலும், இதன் உண்மையை நான் உணர்ந்தது பத்தாம் வகுப்பிற்கு வந்த பின்னர்தான். அதுவும் கண்ணீரோடு உணர்ந்தேன். அந்த அனுபவத்தை இம்மலரின் வாயிலாக என் அன்புத் தோழியரோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

விஞ்ஞானம் இன்று நம் உள்ளங்கைக்குள் வந்து அமர்ந்துவிட்டது. 2008-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஆப்பிள் நிறுவனம் தன் செயலிக் கடையைத் திறந்தபோது அதில் இருந்தவை சுமார் 500 செயலிகளே. இன்றோ தண்ணீர் குடிக்க நினைவூட்ட ஒரு செயலி, தூங்கச் சொல்ல ஒரு செயலி! பொதுத்தேர்வு எழுதப் போகிறேன் என்ற ஆர்வத்தில், அம்மாவின் பழைய கைப்பேசியில் நானும் ஒன்பது செயலிகளை நிரப்பினேன். அவற்றுள் மூன்று, படிப்பிற்கு அட்டவணை போடுபவை. அந்த அட்டவணைக்கு வண்ணம் தீட்டுவதிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கழிந்தது. பாடமோ ஒரு வரிகூட ஏறவில்லை.

எங்கள் வீட்டில் பாட்டிக்கு 78 வயது. சர்க்கரை நோய்க்காகக் காலையில் ஒரு மாத்திரையும் இரவில் ஒரு மாத்திரையும் உட்கொள்கிறார்கள். அப்பாவும் அம்மாவும் வேலைக்குச் செல்வதால், மாத்திரையைக் கவனிப்பது என் பொறுப்பு. அதற்கும் ஒரு செயலியைத் தேடிப் பிடித்தேன். நேரம் வந்தால் இனிய இசையுடன் அது மணி அடிக்கும். “என் பேத்தி எனக்கு ஒரு நர்ஸம்மாவையே வைத்துக் கொடுத்திருக்கிறாள்!” என்று பாட்டி அக்கம்பக்கத்தாரிடம் பெருமையாகச் சொல்வார்கள்.

அன்று ஒரு திங்கட்கிழமை. காலையில் மணி அடித்தது. பாட்டி மாத்திரையைப் போட்டுக்கொண்டார்கள். நான் ஒரு கையால் சடையைப் பிடித்தபடி, மறு கையால் கைப்பேசியைத் தொட்டேன். ‘போட்டாயிற்று’ என்பதைத் தொடுவதற்குப் பதிலாக ‘பிறகு நினைவூட்டு’ என்பதைத் தொட்டுவிட்டேன். கண்டும் திருத்தவில்லை. பேருந்து போய்விடும் என்று ஓடினேன். அரை மணி கழித்து மணி மீண்டும் அடித்தது. பேத்தி வைத்த மணி பொய் சொல்லுமா? பாட்டி இன்னொரு மாத்திரையைப் போட்டுக்கொண்டார்கள்.

நண்பகலில் பாட்டிக்கு உடல் வியர்த்து, கைகள் நடுங்கின. நல்லவேளையாகப் பக்கத்து வீட்டு அத்தை வந்து பார்த்து, சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றார்கள். அந்த வகை மாத்திரையால் சர்க்கரை மறுபடியும் இறங்கக்கூடும் என்பதால் டாக்டர் ஒரு நாள் முழுவதும் அங்கேயே தங்க வைத்தார். இரத்தத்தில் சர்க்கரை குறைந்தவருக்கு, நினைவிருக்கும்போது சுமார் 15 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டி சர்க்கரையைக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும் என்றும், நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றலாகாது என்றும் அன்றுதான் அறிந்துகொண்டேன்.

ஆனால் தோழியரே, அன்று நான் செய்த பெரிய தவறு வேறு. “வயதாகிவிட்டது, மறதி வந்துவிட்டது” என்று எல்லோரும் பாட்டியைக் கடிந்துகொண்டார்கள். பாட்டியும் தலை குனிந்து, “ஆமாம், மறந்துதான் போயிற்று” என்றார்கள். உண்மை தெரிந்த நானோ வாய் திறக்கவில்லை. அன்றிரவு உறக்கம் வரவில்லை. மறுநாள் மாலை பாட்டி வீட்டிற்கு வந்ததும் அப்பா, அம்மா முன்னிலையில் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

பாட்டி என்னை ஏசவில்லை. கையிலிருந்த ஜெபமாலையைக் காட்டினார்கள். “ஐம்பத்து மூன்று மணி ஜெபம் சொல்லும்போது எத்தனை சொன்னேன் என்று எனக்கு ஒருநாளும் மறந்ததில்லையம்மா. கணக்கு என் தலையில் இல்லை, விரலில் இருக்கிறது. மாத்திரைக்கும் இப்படி ஒன்று இருந்தால் சொல்லு” என்றார்கள்.

மறுநாளே மருந்துக்கடையில் அது கிடைத்தது! பிளாஸ்டிக்கினால் ஆன சிறு பெட்டி. ஏழு நாட்களுக்கும் காலை, இரவு என்று பதினான்கு அறைகள். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் நானும் பாட்டியும் சேர்ந்து அதை நிரப்புகிறோம். அறை காலியாக இருந்தால் மாத்திரை போட்டாயிற்று, இருந்தால் போடவில்லை. மணி அடிக்கும் செயலிக்கு நேரம் தெரியும். மாத்திரை உள்ளே போனதா என்பது நாம் சொன்னால்தான் தெரியும். பெட்டியோ யாரும் சொல்லாமலே காட்டிவிடுகிறது.

என் படிப்பிற்கும் அவ்வாறே ஒரு வழி பிறந்தது. 1980-களின் இறுதியில் இத்தாலிய மாணவரான பிரான்செஸ்கோ சிரில்லோ, தக்காளி வடிவமுள்ள ஒரு சமையலறைக் கடிகாரத்தைத் திருகி வைத்துப் படித்தாராம். 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு. என்னிடம் தக்காளி இல்லை; அப்பாவின் பழைய கைக்கடிகாரம் இருந்தது. அதற்குள் உள்ள குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அவ்வெண்ணை 15 முறை பாதியாக்கினால் சரியாக ஒரு நொடி! ஜப்பானின் சீக்கோ நிறுவனம் 1969-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை வெளியிட்டபோது, அதன் விலை ஒரு சிறிய காரின் விலைக்கு ஒப்பாக இருந்தது. இன்று அதே வகைக் கடிகாரம் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. நேரம் பார்க்கப் போன என்னை அது வேறு எங்கும் இழுத்துச் செல்வதில்லை.

செயலிகள் எல்லாம் தீயவை என்று நான் கூறவில்லை. அன்று செயலி பொய் சொல்லவில்லை. நான் சொன்னதைத்தான் அது திருப்பிச் சொன்னது. ஆகவே, இப்போது எந்தப் பொருளை நாடினாலும் மூன்று கேள்விகள் கேட்கிறேன். இது ஒரு வேலையை ஒழுங்காகச் செய்யுமா? பாட்டியாலும் இதைப் பயன்படுத்த முடியுமா? வேலை முடிந்ததும் என்னைச் சும்மா விட்டுவிடுமா? இச்சோதனையில் ஒன்பது செயலிகளில் தேறியது ஒன்றே: விளம்பரமில்லாத அகராதி.

பாட்டியின் மேசைமேல் இப்போது மாத்திரைப் பெட்டியும் ஜெபமாலையும் அருகருகே இருக்கின்றன. பள்ளிக்குப் புறப்படும் முன் காலை அறையை ஒருமுறை பார்த்துவிட்டே கிளம்புகிறேன். கருவி எளிதாக இருக்கலாம். கவனிக்கும் கடமை மட்டும் நம்முடையதே அல்லவா?