பிடிப்பதும் விடுவதும்

கால்சியத்தைக் கண்டு ஒளிரும் உணரிப் புரதம் செய்கிறேன் என்றால், "எவ்வளவு பிரகாசமாக எரியும்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நீல விளக்கின் கீழ் பாக்டீரியாத் தட்டை வைத்தால் கண்ணும் பளிச்சென்ற பச்சைக் காலனிக்கே போகிறது. எனக்கு வேண்டியது பக்கத்தில் மங்கிக் கிடப்பதாக இருக்கலாம். கால்சியம் இல்லாதபோதே எரிகிற புரதத்தால் யாருக்கு என்ன பயன்? மாற்றம்தான் சரக்கு.

என் வேலை பெரும்பாலும் ஜிகேம்ப் என்ற கால்சியம் உணரிக் குடும்பத்தில். அதன் முதல் உணரியை 2001-இல் ஜப்பானில் ஜுனிச்சி நகாய் குழுவினர் செய்தார்கள். ஷிமோமுரா என்ற விஞ்ஞானி ஜெல்லிமீனில் கண்ட பச்சைப் புரதத்தின் பழைய முனைகளை இணைத்து, ஒளிமையத்துக்கு அருகே புதிதாக வெட்டி, ஒரு பக்கம் கால்மாடுலின் என்ற புரதத்தையும் மறுபக்கம் எம்13 என்ற பெப்டைடையும் கோத்தார்கள். நியூரான் துடித்தால் உள்ளே கால்சியம் ஏறும். கால்மாடுலின் அதைப் பிடித்துக்கொண்டு எம்13-ஐ வளைத்துக்கொள்ளும், ஒளி கூடும்.

சொல்ல எளிது. துண்டுகள் ஒட்டுமிடத்தில் உள்ள ஓரிரு அமினோ அமிலங்களில்தான் எங்கள் ஆயுள் போகிறது. ஒன்றை மாற்றினால் ஒளி பல மடங்கு கூடலாம், அடியோடு செத்தும் போகலாம். கட்டமைப்பைப் பார்த்து முன்கூட்டிச் சொல்வது அரிது. மாற்றி மாற்றிச் செய்து, வளர்த்த எலி நியூரான்களில் மின்துடிப்பு கொடுத்துப் பார்க்கிறோம்.

அங்கேதான் இழுபறி. கால்சியத்தை இறுகப் பிடிக்கும் உணரி ஒற்றைத் துடிப்பையும் காட்டிவிடும். ஆனால் லேசில் விடாது. 2013-இல் அமெரிக்காவின் ஜனேலியா ஆய்வகத்திலிருந்து ஜிகேம்ப்6 வந்தபோது எஸ், எம், எஃப் என மூன்றாக வந்தது அதனால்தான். எஸ் நுட்பமானது, மெதுவானது. துடிப்பு ஓரிரு மில்லிநொடியில் முடிந்திருக்கும்; ஒளி பாதியாகத் தணியவே அரை நொடி அளவுக்கு ஆகும். அதற்குள் வரும் அடுத்த துடிப்பு முந்தியதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். 2023-இல் வெளியான ஜிகேம்ப்8-இல் எம்13-ஐயே தூக்கிவிட்டு வேறு பெப்டைடை வைத்து, ஒளி ஏறும் நேரத்தைச் சில மில்லிநொடிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். படித்தபோது கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

உணரி வெறுமனே வேடிக்கை பார்ப்பதுமில்லை. அது பிடிப்பது செல்லின் கால்சியத்தைத்தானே! அளவு மீறினால் செல்லே கெடும். நல்ல செல் உளுந்து வடைபோலத் தெரியும்: சுற்றிலும் பச்சை, நடுவில் நியூக்ளியஸ் இருண்ட துளை. உணரி மிகுந்துபோன செல்லில் அந்தத் துளை நிரம்பிவிடும். படம் அழகாக இருக்கும், செல் நோயாளி. அவற்றைக் கணக்கில் சேர்க்க மாட்டேன். "உணரியின் மரபணுவைச் சுமக்கும் வைரஸை இன்னும் கொஞ்சம் ஏற்றினால் பளிச்சென்று வருமே" என்பார்கள் மூளையைப் படமெடுக்கும் நண்பர்கள். நாள் போகப்போக உணரி செல்லில் சேர்ந்துகொண்டே போகுமே, ஏற்றி எத்தனை வாரம் கழித்துப் படமெடுக்கப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்பேன்.